தைஃபல்லாவின் இமைகளும் குடிக்கப்படாத காபியும்

பெண் கேட்டு வந்த பெருங்குழுவின் தலைமகனே! நிமிர்ந்து நின்றால் நம் ஊர்க் கரக் கோட்டையின் கொடிக்கம்பமே கூச்சப்படும் உயரத்துக்குச் சொந்தக்காரரே, ஹாஜி மிஃப்லிஹ் அவர்களே! கூடாரத்தின் வலப்பக்கத்தில் வரிசையாக வீற்றிருக்கும் மாப்பிள்ளை வீட்டு மீசைகளே! இடப்பக்கத்தில் அதற்கு எதிராக முறுக்கப்பட்டிருக்கும் எங்கள் வீட்டு மீசைகளே! நரையால் அழகான பெரியோர்களே! நரைக்கு மை பூசியும் அழகான பெரியோர்களே! அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் மூச்சடக்கிக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, கரண்டிச் சத்தத்தால் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே! அண்டாவில் தயிர்க்குழம்புக்குள் தவம் கிடக்கும் ஆடுகளே! பொறுங்கள், உங்கள் முறையும் வரும். உங்கள் அனைவர்மீதும் சாந்தி நிலவட்டும்!

நான் அபூ ஷிஹாப். மணப்பெண்ணின் தாய்மாமன். அதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இந்தக் கூடாரத்தில் பலர். தெரியாதவர்கள் பாக்கியசாலிகள்.

சற்று முன் ஹாஜி அவர்கள் எழுந்தார்கள். தங்கள் பேரன் குதைபாவுக்காக எங்கள் விஜ்தானின் கையைக் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள்! கல்லுக்குக் காது இருந்தால் கல் கசிந்திருக்கும், கோட்டைச் சுவருக்கு மகள் இருந்தால் கோட்டைச் சுவர் கொடுத்திருக்கும். கேட்டுவிட்டு அமர்ந்தார்கள். இதோ, அவர்கள் முன்னால் ஒரு குவளை. ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபி. தொடப்படவில்லை. ஏன் தொடப்படவில்லை? பெண்ணைப் பெற்றவன் வாய் திறந்து "காபியைக் குடியுங்கள்" என்று சொல்லாமல் ஹாஜி தொட மாட்டார். ஹாஜி தொடாமல் இந்தக் கூடாரத்தில் ஒரு மனிதனும் தொட மாட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்காக, ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கடித்துக் கடித்து முழங்கை வரைக்கும் வந்துவிட்டாள் என்று கேள்வி!

யாரது பின்வரிசையில்? "நேரா காபிக்கு வாய்யா" என்கிறீர்களா? வருகிறேன் ஐயா, வராமல் எங்கே போவேன்? ஆனால் இமை வழியாகத்தான் வருவேன். ஏனென்றால் இந்தக் காபி ஆறியது வாயால் அல்ல, இமையால்!

ரமலானுக்கு முன்பு இதே கூடாரம். இதே கம்பளம். இதே ஹாஜி. இதே காபி. என்ன நடந்தது? இருநூறு ஆண்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்! சோற்றின்மேல் தயிர்க்குழம்பு ஆட்டுக்கறி குவித்த மன்சஃப் தட்டுகள் அப்படியே கிடந்தன. கரக்கின் பூனைகள் இன்றைக்கும் அந்த நாளைப் பெருநாளாகக் கொண்டாடுகின்றன. இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. ஒரே ரொட்டிக்கடைக்குப் போகிறவர்கள் ரொட்டிக்காரனை நடுவில் வைத்துச் சலாம் சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் எதனால்? பெண்ணைப் பெற்றவர், என் மச்சான் தைஃபல்லாவின் இரண்டு மேலிமைகளால்!

அந்த இமைகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

எப்போது விழத் தொடங்கின அந்த இமைகள்? சிலுவைப்போர்க்காரர்கள் கோட்டையை விட்டு ஓடியபோதே தொடங்கின என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். நான் அவ்வளவு தூரம் மிகைப்படுத்த மாட்டேன். என் மருமகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மெல்ல மெல்ல, மழையில் நனைந்த கூடாரத் துணிபோல, அவை இறங்கின. இறங்கி, கருவிழியை மூடி, பாவையைத் தொட்டன. உலகத்தின் மேல்பாதி என் மச்சானுக்கு இல்லாமல் போயிற்று! அவருக்கு நிலா கிடையாது, பள்ளிவாசல் மினாரா கிடையாது, மாடியிலிருந்து கூப்பிடும் மனைவி கிடையாது. கடைசியாகச் சொன்னதை அவர் இழப்பாகவே கருதவில்லை என்பது வேறு விஷயம்.

ஜன்னலில் யார் கரண்டியை ஓங்குவது? தங்கச்சி, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!

இமை இறங்கினால் மனிதன் என்ன செய்வான்? நெற்றியைக் கொண்டு தூக்குவான். தைஃபல்லா தூக்கினார். காலையில் எழுந்ததும் புருவத்தைத் தூக்குவார், படுக்கும்போதுதான் இறக்குவார். நெற்றியில் உழவுச் சால்கள் விழுந்தன. ஒருநாள் அதில் ஒரு கோதுமை மணி விழுந்து முளைத்துவிட்டது. அறுவடைக்கு ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. நம்பவில்லையா? நம்பாதவர்கள் அந்த ரொட்டியைத் தின்றவர்களைக் கேளுங்கள்! நெற்றியும் போதாதபோது தாடையைத் தூக்கினார். தாடை வானம் பார்க்க, இமைக்கடியில் கிடைத்த சந்து வழியாக உலகத்தைப் பார்த்து வாழ்ந்தார்.

இங்கேதான் என் அன்புக்குரியவர்களே, ஆபத்து!

நம் ஊரில் ஒரு மனிதன் தாடையைத் தூக்கி, புருவத்தை உயர்த்தினால் அதற்கு என்ன பொருள்? சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்! ஆம்! "இல்லை." "முடியாது." "மாட்டேன்." தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகூடப் பால் வேண்டாம் என்றால் புருவத்தைத் தூக்கிக் காட்டும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், காலை முதல் இரவு வரை, கண்டவர்களுக்கும் காணாதவர்களுக்கும், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "முடியாது, முடியாது, முடியாது" என்று முகத்தாலேயே முழங்கிக்கொண்டிருந்தார் ஒரு மனிதர். அதுவும் யார்? தன் வாழ்நாளில் ஈயிடம்கூட "போ" என்று சொல்லத் தெரியாத சாது!

விருந்துக்குப் போவார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்பார்கள். கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், தட்டு அடுத்தவருக்குப் போய்விடும். ஊரெல்லாம் கல்யாணச் சாப்பாடு, அவருக்கு மட்டும் ஆண்டு முழுவதும் நோன்பு!

ஆட்டுச் சந்தைக்குப் போவார். லாரியின் மேலே கிடாக்கள் நிற்கும். வியாபாரி விலை சொல்வான். தைஃபல்லா கிடாவைப் பார்ப்பதற்காகத் தாடையைத் தூக்குவார். மகன் ராகானின் பெயரால் அவரை "அபூ ராகான்" என்றுதான் ஊர் கூப்பிடும்.

"சரி அபூ ராகான், உங்களுக்காகக் கொஞ்சம் கொறைச்சுக்கறேன்."

ஏன் குறைத்தான் என்று புரியாமல் அவன் முகத்தைப் பார்ப்பார். மறுபடி தாடை எழும்.

"யா அல்லாஹ்! என் புள்ளைங்க வயித்துல அடிக்கறீங்களே! சரி, பாதி விலை!"

திகைத்துப்போய் இன்னும் உயர்த்துவார்.

"எடுத்துக்கங்க! கயிறையும் எடுத்துக்கங்க! லாரிச் சாவியையும் வேணும்னா எடுத்துக்கங்க! மனுஷனா நீங்க, பாறாங்கல்லு!"

கோழி விலைக்குக் கிடா வந்து சேரும். என் தங்கை உம்மு ராகான் அதைத் திருஷ்டி சுற்றித்தான் வீட்டுக்குள் விடுவாள். "என் வீட்டுக்காரர மாதிரி பேரம் பேச இந்த நாட்டுல ஆள் கிடையாது. வாயே தொறக்க மாட்டார்!" என்பாள்.

இப்படியே போயிருந்தால் சுகமாகப் போயிருக்கும். வந்ததே ரமலானுக்கு முன் அந்த வெள்ளிக்கிழமை!

ஹாஜி அவர்கள் எழுந்து நின்று பெண் கேட்டார்கள். என் மச்சான் எங்கே இருந்தார்? தரையில், மெத்தையில். ஹாஜியின் முகம் எங்கே இருந்தது? மேகங்களுக்கு நடுவில்! தன் மகளைக் கேட்கிற மனிதனின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதல்லவா மரியாதை? பார்க்க முயன்றார். தாடை எழுந்தது! புருவம் எழுந்தது! நெற்றி சுருண்டது! அத்தோடு நின்றதா? மகளைக் கொடுக்கப்போகிற தகப்பனுக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பேசுவதற்காக அதைப் பிரித்தார். பிரிந்தபோது எழுந்தது ஒரு சத்தம்: "ட்ச்!"

முடிந்தது கதை.

அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் "முடியாது" என்று சொல்ல முடியுமா? ஹாஜி காபியைத் தொடாமல் செருப்பைத் தேடினார். இருநூறு பேர் செருப்பைத் தேடினார்கள். வந்த கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. கிளம்பிய புழுதியில் சாக்கடல் மூன்று நாள் தெரியவில்லை!

புழுதி அடங்கியதும் என் மச்சான் கேட்டார்: "என்ன ஆச்சு? எல்லாரும் ஏன் எழுந்தாங்க? தொழுகை நேரமா?"

"நீங்கதானே முடியாதுன்னு சொன்னீங்க!" என்று என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானா? நான் வாயே தொறக்கலையேடி!"

"வாயத் தொறக்காமத்தானே சொன்னீங்க!"

அன்றே ஓடிப்போய் விளக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பவர் கரக்காரராக இருக்க முடியாது! "என் வீட்டுக் காபியத் தொடாமப் போனவங்க அவங்க. அவங்க வரட்டும்" என்றார் இவர். "என்னை இருநூறு பேர் முன்னால மூஞ்சியத் தூக்கித் தொரத்தினவர் அவர். அவர் வரட்டும்" என்றார் அவர். இரண்டு மலைகள். மலை மலையிடம் போகுமா? நடுவில் கிடந்து நசுங்கியது யார்? பெண்கள் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் என் மருமகள் விஜ்தான்.

ஹாஜி அவர்களே, நீங்களும் கேட்க வேண்டும். அன்று மாலை அவள் என்னிடம் சொன்னதை இந்த மைக்கில் சொல்லப்போகிறேன். அவள் என்னைக் கொன்றாலும் சரி.

"மாமா, சின்ன வயசுலேருந்து நான் எது போய்க் கேட்டாலும் அப்பா முகம் இப்படித்தான் மேல போகும். சுற்றுலா போகவா? மேல போகும். சைக்கிள் வேணும்? மேல போகும். அதனால கேக்கறதையே விட்டுட்டேன். இவரைக் கட்டிக்கறேன்னு மட்டும்தான் மாமா கேட்டேன்."

கேட்டீர்களா? இமை விழுந்தால் கண்ணுக்குத்தான் இருட்டு என்று நினைத்திருந்தோம். எதிரே நிற்கிற பிள்ளைக்கும் இருட்டாகிறது என்று எந்த வைத்தியப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

ஆனால் அவள் அழுது தீர்க்கிற பெண் அல்ல, சோதித்துத் தீர்க்கிற பெண். மருந்துக்கடையில் காயத்துக்கு ஒட்டும் பட்டையை வாங்கி வந்தாள். "மாமா, அப்பா தலையக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றாள். பிடித்தேன். இரண்டு இமைகளையும் தூக்கிப் பட்டையால் ஒட்டிவிட்டாள்.

அதிசயம் நிகழ்ந்தது! தாடை இறங்கியது. புருவம் இறங்கியது. அத்தனை ஆண்டு உழவும் ஒரு நொடியில் தரிசாயிற்று. நெற்றி, பள்ளிவாசல் பளிங்குத் தரைபோல வழுவழுவென்று! என் தங்கை அலறினாள்: "ஐயையோ, இது நான் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஆளு!"

அவரோ மேலே பார்த்து, "இந்த விளக்கு எப்ப மாட்டினது?" என்றார்.

"நான் காலேஜ்ல சேர்ந்தப்ப, அப்பா" என்றாள் விஜ்தான்.

அப்போதுதான் அவர் மகளைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவளை, தாடையைத் தூக்காமல், நேருக்கு நேர். பட்டை ஒட்டியிருந்ததால் கண்ணீர் வழி தெரியாமல் மூக்கு வழியாக இறங்கியது.

"என்ன செய்யணும்?" என்றார்.

என்ன செய்வது? கரக்கில் வைத்தியம் சொல்லத் தெரியாதவன் பிறந்திருக்கிறானா? கட்டித்தயிர் உருண்டையைத் தேய்க்கச் சொன்னார் ஒருவர். பட்டையையே ஆயுள் முழுவதும் ஒட்டச் சொன்னார் ஒருவர். அம்மானில் ஓர் அழகு நிலையத்துக்குக் கூட்டிப்போனார் இன்னொருவர். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு வாலிபன், இவர் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, "இமைத்தோல வெட்டிடலாம், புருவத்தத் தூக்கிடலாம், மூக்கச் சின்னதாக்கறது சலுகை" என்றான்.

"மூக்கு எதுக்குப்பா?" என்றேன்.

"சும்மாதானே ஐயா, எடுத்துக்கங்க" என்றான்.

நல்லோர்களே! நாம் எதைத் தொட்டு வாக்குக் கொடுக்கிறோம்? "என் மூக்கின் மேல்" என்று மூக்கைத் தொட்டல்லவா! அதைச் சின்னதாக்கினால் நம் வாக்கும் சின்னதாகிவிடாதா? மச்சானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்!

பிறகு போனோம் கண்ணிமை அறுவை செய்யும் டாக்டர் அரீஜிடம். என் இடுப்பு உயரம்தான் இருப்பார். எங்கள் ஒட்டகங்களையெல்லாம் அவர் முன் நிறுத்தினால் அவை தாமாகவே மண்டியிடும், அப்படி ஒரு பார்வை. கத்தியைத் தொடவில்லை. முதலில் கேள்வி.

"பெரியப்பா, இது ஒரே நாள்ல திடீர்னு விழுந்துச்சா?"

தைஃபல்லா அவர் முகத்தைப் பார்த்தார்.

"வாயால சொல்லுங்க பெரியப்பா. இங்க வர்ற எல்லாரும் எனக்குப் புருவத்தத் தூக்கித்தான் காட்டுவாங்க. அதப் பதிலா எடுத்துக்கிட்டா நான் வைத்தியமே பாக்க முடியாது."

அடடா! அந்த நொடியில் என் மச்சானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அவர் முகத்தைப் பார்த்து, அதற்கு அர்த்தம் கற்பிக்காத முதல் மனிதப்பிறவி!

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்மா விழுந்துச்சு."

"சாயங்காலம் ஆக ஆக ரொம்ப இறங்குதா? ஒண்ணு ரெண்டாத் தெரியுதா? முழுங்கக் கஷ்டமா இருக்கா?"

"எப்பவும் ஒரே மாதிரிதாம்மா, ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுது. முழுங்கக் குடுத்தாத்தானே கஷ்டப்பட!"

ஏன் அப்படிக் கேட்டார் தெரியுமா? தாய்மார்களே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் நான் அளக்கிற அளப்பு. திடீரென்று ஓர் இமை விழுந்தால், அல்லது பொருள் இரண்டாகத் தெரிந்தால், அல்லது கண்ணின் பாவை பெரிதும் சிறிதுமாக ஆனால், அழகு பார்க்கிற விஷயம் அல்ல அது. அவசரப் பிரிவுக்கு அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம். மாலையில் மட்டும் சோர்ந்து விழுந்தால் அது தசையைச் சோர்வாக்கும் வேறு நோயாக இருக்கலாம். அதற்கு முதலில் மருந்து, கத்தி அல்ல.

பிறகு டாக்டர் தன் கட்டைவிரலால் இவர் புருவத்தை அமுக்கிப் பிடித்தார். "நெத்தி இப்ப லீவுல இருக்கு. கீழ பாருங்க. இப்ப மேல பாருங்க" என்றார். ஒரு சின்ன அளவுகோலால் இமை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். "கயிறு செத்துப்போகல, தளர்ந்துதான் போயிருக்கு" என்றார்.

என்ன கயிறு? அண்ணாந்து பாருங்கள், உங்கள் தலைக்கு மேலே! ஆம், இந்தக் கூடாரத்தை! வாசலில் தொங்கும் இந்தத் திரையைப் பாருங்கள். திரை வாசலை மறைத்தால் எதைச் சரிசெய்வீர்கள்? எதனால் மறைக்கிறது என்று பார்க்காமல் கத்தரிக்கோலை எடுப்பவன் கூடாரக்காரனா? துணி அளவுக்கு மீறி நீண்டு மடிந்து தொங்கினால், துணியை அளந்து வெட்டித் தைக்கலாம். இமைத்தோல் மிகுந்தவர்களுக்கு அதுதான் வழி. துணி சரியாக இருக்க, அதைத் தூக்கும் கயிறு தளர்ந்திருந்தால்? துணியை எவ்வளவு வெட்டினாலும் வாசல் திறக்காது. கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். இமையைத் தூக்கும் தசையை இறுக்குவது அது. சிலருக்கு வெளிமடிப்பில் கீறி இறுக்குவார்கள், இலேசாகத் தளர்ந்த சிலருக்கு இமையை மறுபுறம் திருப்பி உள்ளிருந்தே இறுக்குவார்கள். ஹாஜி, திரையைப் பாருங்கள், என்னை அல்ல! துணியும் கயிறும் நன்றாக இருந்து, மேலே தாங்கும் கழி சாய்ந்திருந்தால் கழியைத்தான் உயர்த்த வேண்டும். அதுதான் புருவத்தை ஏற்றுவது. கயிறு அடியோடு செத்திருந்தால் திரையைக் கழியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இமை அப்போது நெற்றித் தசையின் தயவில் ஏறும். சிலருக்குத் துணியும் மிச்சம், கயிறும் தளர்ச்சி. அவர்களுக்கு இரண்டு வேலையும் உண்டு.

மூக்கைச் சின்னதாக்கும் வேலை இதில் எங்கேயாவது வந்ததா? வரவில்லை! அதைக் கவனித்தீர்களல்லவா?

டாக்டர் இனிப்பு மட்டும் ஊட்டவில்லை. "ரெண்டு கண்ணும் அச்சு அசலா ஒண்ணுபோல வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொஞ்ச நாளைக்குக் கண்ணு முழுசா மூடாம உலரும், சொட்டு மருந்து விடணும். சில பேருக்கு மறுபடியும் கொஞ்சம் சரி பண்ண வேண்டியிருக்கும்" என்றார்.

அப்போது என் தங்கை முன்னால் வந்தாள். "டாக்டரம்மா, ஒரு கண்ண மட்டும் சரி பண்ண முடியுமா? இன்னொண்ணு ஆட்டுச் சந்தைக்கு இருக்கட்டும்."

"அம்மா!" என்று பல்லைக் கடித்தாள் விஜ்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒண்ண மட்டும் தூக்கினா மூளை வேலை முடிஞ்சதுன்னு நெனச்சு, முன்ன தம் கட்டித் தூக்கினத விட்டுடும். மத்த இமை இன்னும் கீழ விழும்மா" என்றார். ஆகா! இரண்டு இமைகள் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு கழுதைகள்! ஒன்றுக்கு மட்டும் தீனி போட முடியாது!

அறுவை நாள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள் என்று நினைத்தோம். இமையை மட்டும் மரக்கச் செய்து, மனிதரை விழிக்க வைத்தே வேலை பார்த்தார்கள். ஏன்? நடுவில் எழுப்பி உட்கார வைத்து, "கண்ணத் திறங்க, நேரா பாருங்க" என்று சொல்லி, இமை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தையலை இறுக்கத்தான்! நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே டாக்டரின் குரல்:

"வலிக்குதா பெரியப்பா? ஐயோ, புருவத்தத் தூக்காதீங்க! அளவு போயிடும்! வாயால சொல்லுங்க!"

"இல்லம்மா!"

"எரிச்சல்?"

"இல்லம்மா! இல்லவே இல்ல!"

அன்பர்களே, நான் சுவரில் சாய்ந்து அழுதேன். நாடறிந்த நம் "இல்லை"க்காரர், தன் வாயால் சொன்ன முதல் "இல்லை" அதுதான்!

வெளியே வந்தார். முகத்தில் இரண்டு கத்தரிக்காய்கள். பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்தே நாங்கள் குளிர்காலத்தைச் செலவாக்கினோம், வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. வீக்கம் வடிந்தது. வடிந்ததும் என்ன செய்தார்? "கொடுங்கடா" என்று ரொட்டிக்கடையில் மேல்தட்டு எள் ரொட்டிகளைக் கேட்டார். அப்படி ஒரு தட்டு இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது!

சரி, இவர் கண் திறந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கண்? அதைத் திறந்தது நான் அல்ல. அதோ, மூன்றாவது வரிசையில் கழுத்துப் பட்டி இறுக்கி வியர்த்துக்கொண்டிருக்கும் குதைபா. எழுந்திருக்காதே மகனே, உன் முறை இன்னும் வரவில்லை. அவன் என்ன செய்தான்? இவர் இமைக்குப் பட்டை ஒட்டித் தூக்கினாள் அவள். தன் இமைக்குப் பட்டை ஒட்டிக் கீழே இழுத்தான் அவன்! பாதி மூடிய கண்ணோடு ஹாஜியின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். "தாத்தா, எழுந்து நில்லுங்க. நான் இப்ப என்ன சொல்றேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

ஹாஜி நின்றார். பார்த்தார். "முடியாதுன்னு சொல்றே! என்ன திமிரு உனக்கு!"

"இல்ல தாத்தா. உங்க முகத்தப் பாக்கறேன். அவ்வளவுதான்."

ஹாஜி அவர்களே, அன்று நீங்களே அவன் இமையிலிருந்து பட்டையை உரித்தெடுத்தீர்களாம். பிறகு, "கூடாரத்தக் கட்டச் சொல்லு, நான் வர்றேன்" என்றீர்களாம். மலை நடந்தது! கரக்கின் வரலாற்றில் கோட்டைகள் விழுந்திருக்கின்றன, மலை நடந்தது இதுவே முதல்முறை! அதற்காக இந்தத் தாய்மாமனின் தலை உங்கள் முன் தாழ்கிறது.

போதுமா பின்வரிசைக்காரரே? காபிக்கு வந்துவிட்டேன்.

ஆனால் வெறும் "தருகிறாயா?" என்று கேட்டு இந்தக் கூட்டத்தை அனுப்ப எனக்கு மனமில்லை. அன்று எந்த முகத்தால் கெட்டதோ, இன்று அந்த முகத்தாலேயே ஆக வேண்டும். எல்லோரும் என் மச்சானைப் பாருங்கள். கைபேசிகளைக் கீழே வையுங்கள், உங்கள் கண்ணால் பாருங்கள். நெற்றி சமமாக இருக்கிறதா? தாடை நேராக இருக்கிறதா? டாக்டர் ஊரில் இல்லை, சாட்சி நீங்கள்தான்.

தைஃபல்லா மச்சான்! ராகானின் தகப்பனே! இறைவன் சாட்சியாக, இந்தப் பெருமக்கள் சாட்சியாக ஒரு கேள்வி கேட்கிறேன். உன் மகள் விஜ்தானை இந்தக் குதைபாவுக்குக் கொடுப்பதில் உனக்கு ஏதாவது மறுப்பு உண்டா?

தூக்கினார்! பார்த்தீர்களா, தாடையைத் தூக்கினார்! புருவத்தைத் தூக்கினார்! "ட்ச்" என்றார்!

ஐயா, உட்காருங்கள்! உட்காருங்கள்! செருப்பைப் போடாதீர்கள்! வெளியே யாரது காரைக் கிளப்புவது? அணையுங்கள்! ஹாஜி அவர்களே, உங்கள் கைத்தடியைப் பிடித்துக்கொள்கிறேன், ஒரே ஒரு நொடி! நான் என்ன கேட்டேன்? மறுப்பு உண்டா என்று கேட்டேன்! அவர் என்ன சொன்னார்? இல்லை என்றார்! இல்லை! இல்லவே இல்லை! கூட்டத்தைக் கலைத்த அதே "இல்லை" இன்று கூட்டத்தைச் சேர்த்துவிட்டது ஐயா! இன்னும் பாருங்கள், தூக்கிய புருவம் இறங்கிவிட்டது! தானாக இறங்கிவிட்டது! பார்ப்பதற்காகத் தூக்கவில்லை, சொல்வதற்காகவே தூக்கினார். பார்க்க அவருக்கு இனி நெற்றி தேவையில்லை!

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். ஹாஜியும் சிரிக்கிறார், மீசைக்குள் ஒளிக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

என்ன மச்சான்? மைக் வேண்டுமா? இந்தா. கண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்யாதே, டாக்டர் கண்ணைத் தொடக் கூடாது என்றிருக்கிறார். மூக்கைத் தொடு. முழு மூக்கு, சலுகையில் போகாத மூக்கு!

"என் மூக்கு மேல சொல்றேன் ஹாஜி. என் பொண்ணு உங்க பொண்ணு. அன்னிக்கும் இதத்தான் சொல்ல வந்தேன். விஜ்தான்... எங்கம்மா நிக்கறே? ஜன்னல்லயா? ஆங், தெரியுது. நல்லாத் தெரியுது. சரிம்மா. சைக்கிளும் சரி, சுற்றுலாவும் சரி, இதுவும் சரி. ஹாஜி, காபியக் குடிங்க!"

குடித்தார்! ஹாஜி குடித்தார்! கூடாரமே குடிக்கிறது! ஜன்னலில் குலவை எழுகிறது, அண்டா மூடிகள் தாளம் போடுகின்றன!

என்ன ஹாஜி? "ஆறிப்போச்சு, உன் பேச்சாலதான்" என்கிறீர்களா? ஏற்றுக்கொள்கிறேன், சூடாக இன்னொரு குவளை வருகிறது. இன்னும் ஏதோ காதோடு கேட்கிறீர்களே... மைக்கைக் கொஞ்சம் விலக்குகிறேன்... டாக்டர் அரீஜின் தொலைபேசி எண்ணா? நானும் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் ஹாஜி. என் பேச்சு முழுவதற்கும் நீங்கள் எனக்குப் புருவத்தைத் தூக்கியபடியே இருந்தீர்கள். பேச்சுப் பிடிக்கவில்லையோ என்று பாதியிலேயே நிறுத்தப் பார்த்தேன்! துணியா, கயிறா, கழியா, அதை அளவுகோல் வைத்திருப்பவர் சொல்லட்டும். காரில் நானே கூட்டிப்போகிறேன். மூக்கை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்களுக்கு நன்றி. கேட்பதுபோல் நடித்தவர்களுக்கு இரட்டை நன்றி. செருப்பைப் போட்டுவிட்டுக் கழற்றியவர்களுக்குச் சிறப்பு நன்றி. தயிர்க்குழம்பில் தவம் முடித்த ஆடுகளே, உங்கள் முறை வந்துவிட்டது! என் மச்சானின் தட்டில் முதலில் போடுங்கள். போதுமா என்று அவரிடம் கேட்காதீர்கள், முகத்தையும் பார்க்காதீர்கள், இத்தனை ஆண்டுப் பாக்கி இருக்கிறது, போட்டுக்கொண்டே இருங்கள்! மணமக்களுக்கு வாழ்த்து. உங்கள் அனைவர்மீதும், உங்கள் இமைகளின்மீதும் சாந்தி நிலவட்டும்!